இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம்

சிரஞ்சீவி அண்ணன் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவர் வலது ஓரமாகவே போவார். இடது பக்கத்தில் இன்னோர் ஆள் தாராளமாக ஓடிப்போகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார். கம்பெனி பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்காருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கேன்டீனில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு சாப்பிடுவார். அவருடைய இடது பக்கத்து நாற்காலியை யாராவது இழுத்தால், மற்றவர்களைப் போல "ஆள் உண்டு" என்று சொல்ல மாட்டார். "ஆள் வருது" என்பார். அந்த நாற்காலிக்கு ஆள் வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

என் பெயர் பிரேமலதா. ஊர் ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம், வீட்டில் தமிழ். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் கம்பெனி பெண்கள் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கோலி, அதாவது கோல் கீப்பர். திறமையால் வந்த பதவி என்று நினைத்துவிட வேண்டாம், எனக்கு ஓடப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் கோலியாக நிற்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிரஞ்சீவி அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர் நைனா காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஊரார் கழனியில் கூலி. சிரஞ்சீவி என்பது சினிமா பைத்தியமான அவருடைய அம்மா வைத்த பெயர். ஸ்ரீ சிட்டி வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்து, மோல்டிங் மெஷின் ஓட்டி, இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் வாங்கினார். ஆண்கள் டீமில் லெஃப்ட் விங், இடது ஓரத்தில் முன்னால் ஆடுகிறவர். அவர் ஆடின காலத்தில் மற்ற கம்பெனிக்காரர்கள் ஆட்டம் பார்க்க வருவார்களாம். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டார். பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பெண்கள் டீம் ஆரம்பித்தபோது கோச்சாக வரச் சொல்லி ஹெச்ஆர் அவரைத்தான் கேட்டது. முட்டி வலி என்றார். மோல்டிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற மனிதருக்குப் பந்து என்றதும் முட்டி வலி வந்தது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் முட்டியையே காட்டினார்.

கடைசியில் யாமினி போய்க் கேட்டாள். நாயுடுபேட்டைப் பக்கத்துப் பெண், தெலுங்குக்காரி. அவள் புருஷன் ஹரிபிரசாத் இதே கம்பெனியில், இதே டீமில், சிரஞ்சீவி அண்ணனுக்குப் பின்னால் லெஃப்ட் பேக்காக ஆடினவன். ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைத்துச் செத்துப்போனான். அதன் பிறகுதான் அவளுக்கு இங்கே வேலை கொடுத்தார்கள். கேன்டீனில் எல்லார் எதிரிலும் அவருக்கு முன்னால் வந்து நின்று, "நேனு ஆடதானு அன்னா. ஆயன ஆடின சோட்டே" என்றாள். நானும் ஆடுகிறேன், அவர் ஆடின அதே இடத்தில்.

அண்ணன் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்குவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"எதுக்குமா உனக்கு இந்த வேல?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரரு பந்தே வராத ஓட்டம்னு சொல்வாரு. அதுல இன்னா கீதுன்னு நான் பாக்கணும்" என்றாள். தமிழ் அவளுக்கு எங்கள் பக்கம் குடிவந்து, எங்களோடு பஸ்ஸில் வந்து போய்ப் பழகினது. அதனால் அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழாகவே இருக்கும்.

அன்று சாயங்காலமே அவர் மைதானத்துக்கு வந்துவிட்டார். மைதானம் என்றால் கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் யாரும் கட்டடம் கட்டாத ஒரு காலி மனை. செம்மண், கருவேலம் பூண்டு, சுற்றிலும் கம்பி வேலி. முதல் ஷிப்டு விட்டதும் அங்கேதான் ஆடுவோம்.

அவர் எங்களுக்கு முக்கியமாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வித்தை. ஓரத்தில் ஒருத்தி பந்தோடு நிற்பாள். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி கிளம்பி, அவளை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். பந்து வைத்திருப்பவள் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, தன்னைத் தடுக்க வந்தவளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது கோட்டோரம் காலியாகிவிடும். அந்தக் காலி இடத்தில் பந்தைத் தள்ளினால் சுற்றி வந்தவள் போய்ச் சேர்ந்துகொள்வாள். ஓவர்லேப் என்று பெயர். எங்கள் டீமில் அதற்குப் பிரதட்சணம் என்று பேர் வைத்தது நான். திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதைக்கூட வைக்காவிட்டால் எப்படி?

மண்ணில் எங்கள் செருப்புகளைப் பரப்பி வைத்துக் காட்டுவார். ஒரு செருப்பை இன்னொரு செருப்பைச் சுற்றி நகர்த்துவார்.

"பந்து வரலன்னா இன்னா? நீ சுத்திக்கினு ஓடறத பாத்து எதிராளி ஒருத்தி உன் பின்னால வந்துட்டா, உள்ள கீறவளுக்கு எடம் கெடச்சுது. அதான் தொண ஓட்டம். பந்து வராத ஓட்டம் எதுவும் வீண் இல்ல."

விங்கில் ஆடுகிறவள் சுந்தரி. அவளும் விஜயபுரம்தான், அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "சும்மா ஓடறத எங்க ஊட்லயே ஓடிக்கினுதான் கீறேன் அண்ணா. அங்கயும் வீண் இல்லன்னுதான் எங்க மாமியார் சொல்லுது" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். சிரிக்கத் தெரியாத மனிதர் இல்லை அவர்.

ஆனால் பந்தைத் தொட்டதும் வேறு ஆளாகிவிடுவார். விங்கில் நின்று காட்டுவார். பந்தை உருட்டிக்கொண்டு உள்ளே நகர்வார், சட்டென்று காலைத் திருப்பி இடது ஓரத்துக்குத் தள்ளுவார். யாரும் இல்லாத ஓரம் அது. பந்து போய், ஓடி வருகிற ஒருவன் காலை வைக்க வேண்டிய இடத்தில், அவனுக்காகக் கொஞ்சம் வேகம் குறைந்து, நிற்கும். தலையைத் திருப்பிப் பார்க்கவே மாட்டார். பந்தை விட்டபின் சற்று நேரம் காது கொடுத்து நிற்பார். பிறகு எங்களில் ஒருத்தி போய் எடுத்து வருவாள்.

அப்படி எடுக்கப்போன சுந்தரி ஒருநாள் என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "அக்கா, அந்த எடம் மட்டும் சில்லுனு கீது."

மண்டையைப் பிளக்கிற வெயில் காலம் அது. "வாய மூடிக்கினு ஆடுடி" என்றேன். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் அடுத்த தடவை பந்து அங்கே போனபோது எடுக்க நானும் போகவில்லை. யாமினிதான் போனாள். போனவள் பந்துக்குப் பக்கத்தில் குனிந்து, மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

எங்களுக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. எந்த டீமிலும் பின்னாலிருந்து ஓடி வருகிறவள் குரல் கொடுப்பாள். முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்காமலே பந்தை விடுவாள். திரும்பிப் பார்த்தால் நேரம் போய்விடும், எதிராளிக்கும் விஷயம் தெரிந்துவிடும். பந்து ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம் இது. எங்கள் கோச் இதைத் தலைகீழாக்கினார். குரல் கொடுக்கக் கூடாது. பந்து வைத்திருப்பவள் திரும்பி, பின்னால் வருகிறவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பந்தை விட வேண்டும்.

"முகத்த எதுக்கு அண்ணா பாக்கணும்? ஓடற காலத்தான பாக்கணும்?" என்று சுந்தரி கேட்டாள்.

"முகத்த பாரு."

"அதுக்குள்ள பந்த புடுங்கிக்கினு பூடுவா."

"போனா போவட்டும். முகத்த பாரு."

முகத்தைப் பார்க்காமல் விட்டால் பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் செல்லாது என்பார். மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். மற்ற கம்பெனிப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக் கேலி செய்தார்கள். ஃபுட்பால் ஆடுகிறார்களா, பஸ்ஸுக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களா என்று. எனக்கு எரிச்சலாக வந்தது. பிராக்டீஸ் மேட்ச் எல்லாவற்றிலும் இதனாலேயே உதை வாங்கினோம். அதாவது கோல் வாங்கியது நான்.

அந்த எரிச்சலோடு, பிராக்டீஸ் இல்லாத ஒரு மத்தியானம், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் கடைசி வரிசையில் போய் அவர் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று யாமினிக்கு வேறு ஷிப்டு. பஸ் சத்தியவேடு தாண்டும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, ஊருல இல்லாத ரூல் நமக்கு மட்டும் எதுக்கு?"

அவர் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார். "நீ கோலி. பின்னாலேந்து பாக்கறவ. நா பந்து வுட்டுக் காட்டறப்போ என் பின்னால யாராச்சும் ஓடி வரா மாதிரி உனுக்கு தெரிதா?"

"இல்லண்ணா."

"எனுக்கு சத்தம் கேக்குது. பூட்ஸ் சத்தம். மூச்சு. அப்றம் கூப்பிடறது. கூப்பிட்டா நான் திரும்பறதில்ல. மொதல்ல திரும்பிக்கினுதான் இருந்தேன். திரும்பினா யாரும் இருக்கறதில்ல, அதான் தாங்கல."

பஸ்ஸில் சுற்றிலும் ஆட்கள், டிரைவர் போட்ட பாட்டு வேறு காதைக் கிழிக்கிறது. நான் அவர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டேன். அப்புறம் அவரே சொன்னார்.

அவர்கள் டீமில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பின்னாலிருந்து ஓடி வருகிறவன் "ஆள் உண்டு" என்று குரல் கொடுப்பது வழக்கம். பின்னால் ஆள் இருக்கிறான், தைரியமாகப் பந்தை விடு என்று அர்த்தம். ஓடிக்கொண்டே கத்துவதில் அது சுருங்கி வெறும் "உண்டு" ஆயிற்று. ஹரிபிரசாத் வந்து சேர்ந்தபோது அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. இந்தச் சொல் மட்டும் முதல் நாளே சுத்தமாக வந்தது. ஏனென்றால் அது அவனுக்கு ஏற்கெனவே இருந்த சொல். தெலுங்கில் அதே ஒலிதான், அர்த்தம்தான் வேறு. அங்கே 'உண்டு' என்றால் நில், பொறு.

முதல் மேட்சில் அவன் "உண்டு" என்று கத்திக்கொண்டு ஓட, அவனைப் போலவே புதிதாக வந்த தெலுங்குக்காரப் பையன் ஒருத்தன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டானாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கே சிரஞ்சீவி அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். "கோட்டுக்கு உள்ள தமிழ் உண்டு. கோட்டுக்கு வெளிய தெலுகு உண்டு." அதுவே டீமின் சட்டம் ஆயிற்று. பிறகு அண்ணன் திரும்பிப் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் "உண்டு" என்று கேட்கும், இவர் கால் தானாகத் திரும்பும், பந்து போகும், ஹரிபிரசாத் அங்கே இருப்பான்.

கடைசி மேட்சிலும் அப்படித்தான். வெயிலில் இரண்டாம் பாதி. இவர் பந்தோடு உள்ளே நகர்ந்தார். பின்னால் "உண்டு" என்று கேட்டது. காலைத் திருப்பிப் பந்தைத் தள்ளினார். அது யாரும் இல்லாத ஓரத்தில் உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. இவருக்குக் கோபம். பந்தைப் பார்த்துக்கொண்டே திட்டினார்.

"'இன்னாடா எரும, எங்கடா செத்த'ன்னேன். பந்த பாத்துக்கினே சொன்னேன். அப்பக்கூட திரும்பல. எல்லாரும் அந்தாண்ட ஓடறத பாத்துட்டுத்தான் திரும்பினேன். குப்புற கெடந்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், விழுந்தபோதே முடிந்திருக்கும் என்று சொன்னாராம். அதைச் சொல்லித்தான் எல்லாரும் இவரைத் தேற்றினார்கள்.

"வுழுந்தப்ப முடிஞ்சுதுன்னா சரி. வுழறதுக்கு முன்னாடி கூப்ட்டானே. சுத்தி வரேன்னு தமிழ்ல சொன்னானா, நில்லுடான்னு தெலுகுல சொன்னானா? எனுக்கு அது ஒண்ணுதான் தெரியணும் பிரேமா. தமிழ்ல சொல்லியிருந்தா ஓடிக்கினே போனான்னு நெனச்சுக்குவேன். தெலுகுல சொல்லியிருந்தா..." என்று நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கழனிகளில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாமினி கேட்டுதா?"

"பொணத்தாண்டயே கேட்டுது. கடசியா இன்னா சொன்னாருன்னு. 'உண்டு'ன்னாம்மா, எங்க டீம்ல அதுக்கு 'நான் கீறேன்'னு அர்த்தம்னு சொன்னேன். தலைய ஆட்டிக்குச்சு. அது ஆசயா கேட்டுக்குச்சு. அதுலேந்து அது மூஞ்ச பாத்தா நான் பொய்யி சொல்லிட்டனோன்னு கீது."

அவர் பாவம் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. யாமினியை நினைத்துக்கொண்டேன். உண்டு என்றால் என்ன என்று ஒரு தெலுங்குக்காரிக்குத் தமிழன் அர்த்தம் சொல்ல வேண்டுமா?

இறங்கும்போது அவர் இடது பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். அவ்வளவு நெரிசலிலும் யாரும் அதில் உட்காரவில்லை.

அதன் பிறகு ரூலைப் பற்றி நான் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன். சுந்தரியையும் அடக்கினேன். காரணம் சொல்லவில்லை, கோச் சொன்னால் செய்ய வேண்டியதுதானே என்று அதட்டினேன். யாமினிக்கு அதட்டலே தேவைப்படவில்லை. மற்றவர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கும்போதும் அவள் மட்டும் ஓரக்கோட்டில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பாள். பந்து அவளுக்கு வந்தது குறைவு. முகத்தைப் பார்த்துக்கொள்வதற்குள் எதிராளி புகுந்துவிடுவாள். ஆனாலும் அவள் சுந்தரியின் முதுகுக்குப் பின்னால் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் சிரஞ்சீவி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அவள் சுற்றி முன்னால் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் தோள் இறங்கும்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி நாயுடுபேட்டையில் நடந்தது. ஏழு பேர் ஆட்டம். எப்படியோ இரண்டு மேட்ச் ஜெயித்து அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிர் டீமில் ஒருத்தரும் எங்களைச் சீந்தவில்லை, திரும்பிப் பார்க்கிற டீம் என்றுதான் எங்களுக்குப் பெயர். அவர்களுக்கு ஒரு கோல், எங்களுக்கு ஒரு கோல். எங்களுடையது அந்தப் பிரதட்சணத்தில் வந்ததுதான் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். சுந்தரி திரும்பிப் பார்த்தாள், யாமினி முகத்தைப் பார்த்தாள், பந்தை விட்டாள், யாமினி அதை உள்ளே தள்ளினாள், எங்கள் பத்மினி கோல் அடித்தாள். அண்ணன் கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். சுந்தரியிடம் மறுபடி பந்து. அவள் உள்ளே நகர்ந்தாள், எதிராளியும் கூடவே நகர்ந்தாள். கோட்டோரம் வழி அகலத் திறந்தது. யாமினி பின்னாலிருந்து கிளம்பியதை நான் பார்த்தேன். சிரஞ்சீவி அண்ணன் அந்த ஓரத்தில்தான், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

பாதி ஓட்டத்தில் யாமினி கால் இழுத்துக்கொண்டது. விழுவதற்கு முன் கத்தினாள்.

"உண்டு."

அந்தச் சொல்லை எங்கள் டீமில் யாரும் மைதானத்துக்குள் உச்சரித்ததே கிடையாது. கோல் கம்பத்துக்கு அடியில் நின்ற நான் அண்ணனைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரோ அடிக்கப்போகிற மாதிரி, முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

சுந்தரி காலைத் தூக்கிவிட்டாள். பந்து இதோ போகப்போகிறது. அப்போது பழக்கத்தில் கழுத்து திரும்பியது. முகத்தைப் பார்த்தாள். அப்படியே பந்தை வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு யாமினியிடம் ஓடினாள்.

எதிர் டீம்காரிகள் இருக்கிறார்களே, அடிபட்டவளுக்காக வெளியே உதைத்த பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. அவர்கள் அவசர அவசரமாக த்ரோ போட்டு, எங்கள் பாதி டீம் ஓரத்தில் குனிந்திருக்கும்போது என்னைத் தாண்டி கோல் அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அவர்களில் ஒருத்தியை ஸ்ரீ சிட்டியில் எங்காவது பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோற்றுப்போனோம்.

விசில் ஊதினதும் ஓரத்துக்கு ஓடினேன். யாமினிக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, வேறொன்றும் இல்லை. சுந்தரி அவள் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

சுந்தரிக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசினாள். "நல்ல வேள போ. நீ 'உண்டு'ன்னு கத்தினதும் பின்னால ஆள் உண்டுன்னு சொல்றன்னுதான் நெனச்சேன். பந்த வுட்டுட்டிருப்பேன். திரும்பி உன் மூஞ்ச பாத்துட்டுத்தான் தெரிஞ்சுக்கினேன். ஏண்டி, இத்தினி நாளா எங்களோட தமிழ் பேசிக்கினு கீற, 'நில்லு'ன்னு கத்தக் கூடாதா?"

யாமினி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நொப்பி வந்தா தமிழ் எப்படிக்கா வரும்?"

நொப்பி என்றால் வலி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தமிழா தெலுங்கா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. சுந்தரி ஒன்றும் தெரியாமல் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் பாட்டிலை மண்ணில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். எங்கள் வண்டி நின்றது இன்னொரு பக்கம். அவர் போனது ஹைவே பக்கம். அவர் நடந்த விதத்தைப் பார்த்தால் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவராகத் தெரியவில்லை. இனி மைதானத்துக்கு வர மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வேறு எங்கே போவார் என்று யோசிக்கப் பயமாக இருந்தது. அந்தச் சாலையில் லாரிகள் கண்மண் தெரியாமல் வரும்.

கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் யாமினி சுந்தரியின் தோளைப் பிடித்து எழுந்துவிட்டாள். ஒரு கால் வெறுங்கால்.

"உண்டு" என்றாள்.

அவர் முதுகு ஒரு தரம் உதறியது. நிற்கவில்லை. அந்தக் குரலுக்குத் திரும்புவதில்லை என்று அவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வலது ஓரமாக, இடது பக்கம் அந்த இடத்தை விட்டுக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தார்.

யாமினி காலை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். தாங்கப்போன சுந்தரியை நான் பிடித்து நிறுத்தினேன்.

"உண்டு அன்னா" என்றாள் யாமினி.

ஹரிபிரசாத் அவரை அண்ணன் என்று கூப்பிட்டவன் இல்லை. ஒரே வயதுக்காரர்கள், வாடா போடாதான். அந்த 'அன்னா' கேட்டதும் அவர் நின்றுவிட்டார். நின்றாரே தவிரத் திரும்பவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"திரிகி சூடு அன்னா." திரும்பிப் பார் என்றாள்.

திரும்பினார். ஒன்றும் இருக்காது என்று பயந்துகொண்டே திரும்பினது அவர் முகத்தில் தெரிந்தது. யாமினி நின்றுகொண்டிருந்தாள், தலையெல்லாம் செம்மண், கையில் ஒற்றை பூட்ஸ்.

"அன்னிக்கி நான் திரும்பலம்மா" என்றார்.

"தெலுசு அன்னா." தெரியும் என்றாள்.

"நில்லுன்னுதாம்மா சொல்லியிருக்கான். நான் கீறேன்னு அர்த்தம்னு உங்கிட்ட பொய்யி சொல்லிட்டேன்."

"தெலுசு. நீங்க சொன்ன அன்னிக்கே தெரியும். உண்டுன்னா இன்னான்னு எனுக்கு தெரியாதா?" இன்னும் ஓர் அடி நொண்டி வந்தாள். "எனுக்கு அன்னிக்கி நீங்க சொன்னதுதான் வேணும்னு இருந்துச்சு. அதான் தலைய ஆட்டினேன். இன்னிக்கி எனுக்கு நெறய கோவம் வருது உங்க மேல. ஆனா போவாதீங்க. கால் வலிக்குது, வேகமா வர முடியல. உண்டன்டி."

உண்டன்டி என்றால் நில்லுங்கள். மரியாதையாகச் சொல்வது.

அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கிளவுஸைக்கூடக் கழற்றாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர்கள் இருவருக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. அவர் வழக்கம்போல வலது ஓரத்தில் இருந்தார், அதனால் அவளுக்கு வர இடது பக்கத்தில்தான் இடம் இருந்தது. நொண்டி நொண்டி அவள் அங்கே வந்து சேரும்வரை அவர் நின்றார்.